காலியாக விட்ட கட்டங்கள்

அன்புள்ள மாலா,

நீ டெல்லிக்கு ரயில் ஏறிய நாளிலிருந்து உனக்கு எழுத உட்காருகிறேன், முடிக்க முடியவில்லை. ஒருவர் ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு வருவார். இன்னொருவர் எஸ்.டி.டி. பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். அவர்களை அனுப்பிவிட்டு வந்து பார்த்தால், பாதியில் நிற்கிற வாக்கியம் எதற்காக ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது. போனிலோ நீ "சாப்ட்டேம்மா, ரூம் நல்லா இருக்கு" என்று சொல்வதற்குள் லைன் போய்விடுகிறது. ஊரும் ஒரு நிலையில் இல்லை. தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு ஷிப்ட் சங்கு ஊதுவதில்லை. எந்த நேரத்துக்கு எழுவது, எந்த நேரத்துக்குத் திரும்புவது என்று தெரியாமல் ஆண்கள் ராபர்ட்சன்பேட்டை பஜாரில் மேலும் கீழும் நடக்கிறார்கள். உங்கப்பா ஃபாக்டரிக்குப் போய் வருகிறார். அங்கேயும் ஏதேதோ பேச்சு. வீட்டுக்கு வந்தால் உன் அறை விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அணைக்கிறார். ஏன் என்று நான் கேட்பதில்லை.

நீ வேலையில் சேர்ந்துவிட்டாய். இனிமேல் உன் மேஜைக்கு வருவதெல்லாம் நிஜக் கணக்காக இருக்கும். அதனால்தான் போன வருஷம் நடந்ததை ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. அது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ கம்ப்யூட்டர் பக்கமிருந்து பார்த்தாய், நான் கவுண்ட்டர் பக்கமிருந்து பார்த்தேன்.

கடைக்குப் பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டது பயோடேட்டா அடிக்கத்தான். சுரங்கம் நிற்கப் போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, பெங்களூரில் வேலை தேடிப் போகும் பிள்ளைகளுக்கு பயோடேட்டா அடிக்க வராத குடும்பமே இல்லை. நீயோ காலேஜ் முடித்துவிட்டு, உன் லெக்சரர் கொடுத்தார் என்று புள்ளிவிவரக் கணக்கு போடுகிற ஒரு சி.டி.யைக் கொண்டுவந்து அதில் ஏற்றினாய். ஆள் இல்லாத நேரத்தில் திரையில் வரிவரியாக எண்கள் ஓடும். ஒரு நாள் எட்டிப் பார்த்தால் ஏதோ பூக்களின் இதழ் நீளம், இதழ் அகலம்.

"இன்னாடி இது, பூவை அளந்து வெச்சிருக்காங்க?"

"சாம்பிள் டேட்டாம்மா. பழகறதுக்குன்னே கூடவே குடுத்திருக்காங்க. யாரோ எப்பவோ அளந்தது."

"அவங்க அளந்தாச்சு. நீ இன்னா பண்றே?"

"அதுல இன்னா தெரியுதுன்னு பாக்கறேன். தப்பாப் போனாலும் யாருக்கும் ஒண்ணும் ஆவாதும்மா, அதான் இதுல இருக்கற சுகம்."

அந்தச் சுகத்தை நானும் பார்த்தேன். பூ முடிந்து கார் வந்தது. எவ்வளவு எடைக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று. பிறகு கோழிக்குஞ்சு வந்தது. எந்தத் தீனிக்கு எப்படி வளர்கிறது என்று. நீ ஒழுங்காகச் செய்து பார்ப்பதோடு விட மாட்டாய். வேண்டுமென்றே ஒரு கோழிக்குஞ்சின் எடைக்குப் பின்னால் பூஜ்யத்தைச் சேர்த்துவிட்டு, சராசரி எங்கே ஓடிப்போகிறது என்று பார்த்துச் சிரிப்பாய். எண்களை வைத்துப் படத்தைத் தப்பாக வரைவாய், சி.டி.யோடு வந்த புத்தகத்தில் இருப்பதோடு ஒப்பிடுவாய், அழிப்பாய், மறுபடி வரைவாய். கவுண்ட்டரில் ஆள் நிற்பது உன் காதில் விழாது. "ஸ்வல்ப இரும்மா" என்று காலேஜில் ஒட்டிக்கொண்ட கன்னடத்தில் சொல்வாய். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் மாலா, அப்படிப் பழகியதுதான் சரி. கெட்டுப்போனால் யாருக்கும் நஷ்டமில்லாத ஒன்றை வைத்துக்கொண்டு, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொள்கிற காலம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. புதிதாக ஒன்றைக் கற்கும்போது இனியும் அப்படியே செய்.

உங்கப்பா உனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது நினைவிருக்கிறதா? சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்குக் கீழே காலி மைதானத்தில் நீ கையை விட்டுக்கூட ஓட்டினாய். அந்தத் தைரியத்தில் மார்க்கெட் தெருவுக்கு வந்து, நேராக ஒரு தக்காளிக் கூடைக்குள் விட்டாய். அந்த அம்மா உன்னைத் திட்டிய திட்டு தெலுங்கில் இருந்ததால் உனக்குப் பாதிதான் புரிந்தது. மைதானத்தில் கற்றது பொய்யில்லை. மைதானத்தில் குறுக்கே யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

டாக்டரம்மா நம் கடைக்கு வந்தது ஜெராக்ஸுக்காக. பெங்களூரிலிருந்து சில டாக்டர்கள் சேர்ந்து, ஸ்கெலட்டன், நந்திதுர்க் என்ற இரண்டு சுரங்கக் குடியிருப்புகளிலும் வீடு வீடாக ஆட்களை அனுப்பி, சுரங்கத்தில் வேலை செய்தவர்களின் மூச்சைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழாயை வாயில் வைத்து ஒரே மூச்சில் ஊத வேண்டும்; முள் நகர்ந்து ஓர் எண் காட்டும். அந்த எண்ணோடு வயது, எத்தனை வருஷம் கீழே இறங்கினார், இருமல் உண்டா என்று ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார்கள். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு மருத்துவ வண்டி. வாரம் ஒருமுறை ஒரே இடத்துக்குத்தான் வர முடியும். எந்த இடத்தில் மூச்சு மோசமோ அங்கே நிறுத்தலாம் என்று முடிவு. இதையெல்லாம் ஜெராக்ஸ் மிஷின் சூடாகும் வரை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இதை யாராவது கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தா நல்லா இருக்கும்" என்று அவர் முடிப்பதற்குள் நீ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாய்.

"நான் செய்யறேன் மேடம்."

அந்தச் சனிக்கிழமை உனக்குப் பெங்களூரில் இன்டர்வியூ. அந்தக் கம்பெனிக் கடிதத்தை உங்கப்பா ஃபாக்டரியில் எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்திருந்தார். ஆனால் உன் முகத்தைப் பார்த்தபோது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கோழிக்குஞ்சை விட்டுவிட்டு மனுஷருக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தாள்களை எல்லாம் உள்ளே ஏற்றினாய். சாம்பிள் டேட்டாவில் என்ன வரிசையில் பழகினாயோ அதே வரிசையில் செய்தாய். "முழுசா ரொம்பாத வரியெல்லாம் மொதல்ல எடுத்துடணும்மா. ஒரு கட்டம் காலியா இருந்தாக்கூட கணக்கு நின்னுடும்" என்று எனக்கு விளக்கினாய். அப்படித்தான் புத்தகத்திலும் இருந்தது. எடுத்தாய், கணக்கு ஓடியது, படம் வந்தது. ஸ்கெலட்டன்காரர்களின் மூச்சு நந்திதுர்க்காரர்களின் மூச்சைவிட நன்றாக இருக்கிறது என்று படம் சொன்னது. டாக்டரம்மா வந்து பார்த்தார். கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். படம் அவ்வளவு சுத்தமாக இருந்ததால் மறுபேச்சு இல்லை. "சரி, வண்டி நந்திதுர்க்குக்குப் போகட்டும். திங்கக்கிழமை மத்த டாக்டருங்ககிட்ட சொல்லிடறேன்" என்று பிரின்டை வாங்கிக்கொண்டு போனார். நீ அன்றைக்குப் பூராவும் பாடிக்கொண்டே இருந்தாய்.

இரண்டொரு நாளில் ஏசுதாஸ் அண்ணன் வந்தார், தன் மகனின் பயோடேட்டாவை வாங்க. ஸ்கெலட்டனில் இருப்பவர். கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கி, சுரங்கத்தின் ஆழத்து லெவல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைப்படி ஏறியவர் பேச முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். தண்ணீர் குடித்த பிறகும் தோள் இரண்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. நீ பயோடேட்டாவை நீட்டியபடி சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாய்.

"மாமா, உங்க வீட்டுக்கு டாக்டர் ஆளுங்க வந்தாங்களா?"

"வந்தாங்க பாப்பா. கொழாய வாயில வெச்சு ஊதுன்னாங்க. வெச்ச ஒடனே இருமல் புடிச்சிக்கிச்சி. ரெண்டு தபா பார்த்தேன், முடியல. அந்தப் புள்ள நல்ல புள்ள. பரவால்ல தாத்தா, வுட்டுடுங்கன்னு சொல்லிட்டு மத்ததை எல்லாம் எழுதிக்கினு போச்சு."

அவர் போகிறேன் என்றபோது நீ தலையை மட்டும் ஆட்டினாய். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, எடுத்துப் போட்ட வரிகளை மறுபடி வரவழைத்தாய். ஏசுதாஸ் அண்ணன் அங்கே இருந்தார். வயது இருந்தது, இறங்கிய வருஷங்கள் இருந்தன, மூச்சுக்கான கட்டம் காலி. அவருக்கு மேலும் கீழும் அதே மாதிரி ஸ்கெலட்டன்காரர்கள் நிறையப் பேர். நந்திதுர்க்கில் அப்படிக் காலியாக இருந்தவை கொஞ்சம்தான்.

"அம்மா, ஊத முடியாதவங்களைத் தூக்கிப் போட்டுட்டு, ஊதினவங்களை வெச்சுக்கினு எல்லாரும் நல்லா ஊதறாங்கன்னு சொல்லியிருக்கேன்" என்றாய். உன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அழுகிற குரலாக இருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். அது வேறு மாதிரி இருந்தது.

"நீயா தூக்கிப் போட்டே? புக்குல அப்படித்தானே இருந்திச்சு. டாக்டரம்மாவும் ஒத்துக்கினாங்க. இன்டர்வியூ முடிச்சிட்டு வந்து சொல்லிக்கலாம்."

"திங்கக்கிழமை முடிவாயிடும்மா."

"ஒரு நாள் போனா இன்னா ஆயிடும்? உங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?"

நீ என்னோடு சண்டை போடவில்லை. நேராக பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். கண்ணாடி வழியாக உன் முதுகுதான் தெரிந்தது. நீ பேசியது குறைவு, கேட்டதுதான் அதிகம். வெளியே வந்தபோது காது சிவந்திருந்தது. டாக்டரம்மா கோபப்பட்டிருக்கிறார், நியாயமான கோபம்தான். வண்டிக்காரரிடமும் நந்திதுர்க்கில் இடம் கொடுப்பவரிடமும் சொல்லி முடித்துவிட்டாராம். "ஒரு தாத்தா இருமினார்னு ஏரியாவை மாத்த முடியாது. அந்தக் கட்டங்கள் ஏன் காலின்னு காரணம் கொண்டு வா" என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை ரயிலில் நீ ஏறவில்லை. உங்கப்பா ஷேவ் செய்துகொண்டே உன்னைக் கண்ணாடியில் பார்த்தார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஃபாக்டரிக்குப் போய்விட்டார். நீ தனியாக ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் அலைவதை என்னால் கடையில் இருந்துகொண்டு நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு உன்னோடு வந்தேன்.

அந்த வெயிலும் அந்தச் சந்துகளும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. ஒரே மாதிரி வீடுகள். காலிக் கட்டம் இருந்த பெயர்களைக் கேட்டுக் கேட்டுப் போனோம். பல வீடுகளில் ஏசுதாஸ் அண்ணன் சொன்ன அதே பதில். இருமல் வந்தது, தலை சுற்றியது, விட்டுவிட்டோம். ஒரு வீட்டில் வாசலில் நின்ற பெண் உள்ளே கூப்பிடவில்லை. "அன்னிக்கு அவரால எழுந்து உக்காரவே முடியலம்மா. இப்ப ஆளே இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் அவளோடு நின்றுவிட்டு வந்தாய். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதற்குமுன் என் புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டாய்.

கடைசித் தெருவில் கதை மாறியது. அங்கே காலிக் கட்டம் இருந்த ஆண்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். ஒருவர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். "ஊதறதுக்கு அட்டைக் கொழல் தீர்ந்துடுச்சின்னாங்க. நாளைக்கு வரோம்னு போனவங்க வரல" என்றார். நீ அதையும் எழுதினாய்.

"இதை எதுக்குடி எழுதறே? நீ சொல்ல வந்ததுக்கே எதிரா இருக்குது. அந்தம்மா இதை மட்டும் புடிச்சிக்கினா?"

"இதை வுட்டுட்டா, நான் மறுபடியும் அதையேதாம்மா பண்றேன்."

நடுத்தெருவில் நின்று இவ்வளவுதான் சொன்னாய். எனக்கு இடுப்பு வலித்தது, தாகமாக இருந்தது, உன்மேல் கோபம்கூட முழுதாகப் போயிருக்கவில்லை. ஆனாலும் இந்த இடத்தில்தான் உன்னை நினைத்து எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. வேலை கிடைக்குமா, யாரும் ஏமாற்றுவார்களா என்று ஆயிரம் பயம் வைத்திருந்தேன். நமக்கு வேண்டிய பதில் கைக்கு வந்த பிறகும் வேண்டாத பதிலையும் சேர்த்து எழுதுகிறவள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று தோன்றியது. டெல்லியில் உன்னிடம் அவசரப்படுத்துவார்கள். படம் சுத்தமாக வந்தால் கைதட்டுவார்கள். அப்போது இந்தத் தெருவை நினைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கம்ப்யூட்டரில் இருந்தாய். நடுவில் கரண்ட் போய், செய்ததெல்லாம் அழிந்து, மறுபடி செய்தாய். ஊத முடியாதவர்களுக்கு நீயாக ஓர் எண்ணைப் போட்டுவிடலாமே என்று நான் கேட்டேன். "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதக்கூடாதும்மா" என்றாய். ஊதியவர்களை ஒரு பக்கம், நோயால் ஊத முடியாதவர்களை ஒரு பக்கம், குழல் தீர்ந்ததால் விடுபட்டவர்களை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தாய். முந்தைய படம் அளவுக்கு அழகாக இல்லை. திங்கட்கிழமை டாக்டரம்மா நின்றபடியே படித்தார். பிறகு ஏசுதாஸ் அண்ணன் உட்கார்ந்த அந்த ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடி படித்தார்.

"குழல் தீர்ந்தது எங்க தப்பு. அதை நீ எழுதாம இருந்திருந்தா, மிச்சத்தையும் நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றார்.

வண்டி ஸ்கெலட்டனுக்கு வந்தது. முதல் நாள் ஏசுதாஸ் அண்ணனுக்கு மூச்சோடு உள்ளே இழுக்கிற மருந்து கொடுத்தார்கள். இப்போது கடைப்படி ஏறினால் கொஞ்சம் நின்றுவிட்டுப் பேசிவிடுகிறார். பெங்களூர்க் கம்பெனி உன்னை மறுபடி கூப்பிடவில்லை. டெல்லியில் இப்படி நோய்க் கணக்குப் பார்க்கிற ஓர் இடம் இருக்கிறது, பரீட்சை எழுது என்று டாக்டரம்மா சொல்லித்தான் நீ எழுதினாய், போனாய். இவ்வளவும் நல்லபடியாக முடிந்த கதை போல இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் சரோஜா என்று ஒருத்தி வந்தாள், நந்திதுர்க்கிலிருந்து. ஜெராக்ஸுக்கு வந்தவள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவள் கையில் தாள் எதுவும் இல்லை.

"வண்டி எங்க பக்கம் வரதா இருந்திச்சாமே. உங்க பொண்ணு கணக்குப் போட்டு மாத்திட்டாங்கன்னு சொல்றாங்க. என் வூட்டுக்காரு மாடிப்படி ஏறி ஒரு வருசம் ஆவுது. அவரு உங்க பொண்ணு கணக்குல எங்க இருக்காருங்க?"

உன் கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்த அளவுக்குத் தேடினேன். காலிக் கட்டமாகக்கூட அவர் இல்லை. கேட்டபோது அவளே சொன்னாள். ஆட்கள் வந்த அன்றைக்கு அவரைக் கோலார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம், வீடு பூட்டியிருந்ததாம். பூட்டிய வீட்டுக்கு யார் தாள் எழுதுவார்கள்? நீ தப்பு செய்யவில்லை என்று அவளிடம் வாதாட நினைத்தேன். ஆனால் அவள் கேட்டது அதை இல்லை.

வண்டி வருகிற நாளில் அவள் வீட்டுக்காரரை ஆட்டோவில் உட்காரவைத்து ஸ்கெலட்டனுக்குக் கூட்டிப்போனேன். வண்டியில் இருந்த டாக்டரம்மா, "இவர் இந்த ஏரியா இல்லையே" என்றார். "ஊதச் சொல்லிப் பாருங்க மேடம், அப்புறம் சொல்லுங்க" என்றேன். சரோஜாவின் வீட்டுக்காரர் ஊதினார். முள் கொஞ்சம் எழுந்து அங்கேயே நின்றுவிட்டது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவரை மாதிரி அங்க இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?"

"தெரியாதுங்க மேடம். போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

மாலா, ஞாயிற்றுக்கிழமை நானும் சரோஜாவும் நந்திதுர்க்கில் பூட்டியிருந்த வீடுகளுக்கெல்லாம் போகப் போகிறோம். டாக்டரம்மா குழாயும், வேண்டிய அளவுக்கு அட்டைக் குழலும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். உங்கப்பாவும் வருகிறாராம், தாள் பிடித்துக்கொள்ள. அதற்குள் நீ ஒரு போன் பண்ணு. ஊத முடியாதவருக்கு என்ன எழுதுவது, வீட்டில் இல்லாதவருக்கு என்ன எழுதுவது, கதவையே திறக்காதவருக்கு என்ன எழுதுவது என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லு. லைன் போனால் மறுபடி போடு, நான் பூத் பக்கத்திலேயே இருக்கிறேன்.

அம்மா